வங்கிக் கணக்குத் தொடங்குதல்

மும்பை தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் பல, விடியற்காலையில் இட்டலி அவித்து நகரெங்கும் விற்று வாழ்கின்றன. அத்தகைய வீடு ஒன்றில், ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் தம் சேமிப்பைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். ஆடி மாத மழையில் கூரை ஒழுகிப் பெட்டிக்குள் நீர் புகுந்தது. நோட்டுகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றை உலர்த்திய மகள், "அம்மா, வங்கியில் கணக்குத் தொடங்குவோம்" என்றாள்.

தாய் தயங்கினார். "ஆதார் அட்டையில் ஊர் முகவரி அல்லவா இருக்கிறது? எனக்குத் தமிழ் தவிர வேறு எழுத்தும் தெரியாதே!" என்றார்.

மறுநாள் இருவரும் வங்கிக்குச் சென்றனர். அலுவலர் இந்தியில் கூறியவற்றை மகள் தமிழில் தாய்க்கு எடுத்துரைத்தாள்.

சேமிப்புக் கணக்கிற்கு வட்டி உண்டு. நாள்தோறும் பலமுறை பணம் செலுத்தி எடுக்கும் வணிகருக்கு உரியது நடப்புக் கணக்கு. அதற்கு வட்டி இல்லை. அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியதில்லை. ஆகவே, தாய் அதனையே தேர்ந்தெடுத்தார்.

கணக்குத் தொடங்கும் முறை:

1. விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, நிழற்படம் ஒட்டுதல் வேண்டும்.
2. ஆதாரும் பான் எண்ணும் தருதல் வேண்டும். பான் எண் இல்லாதவர் அதற்குரிய படிவம் தரலாம்.
3. ஆதாரில் உள்ள முகவரி வேறாயின், இப்போது வாழும் முகவரியைத் தாமே எழுதி, உறுதிமொழியாகக் கையொப்பமிட்டுத் தரலாம்.
4. நியமனதாரர் பெயரைக் குறிப்பிடுதல் நன்று.

"கையொப்பத்தை எம்மொழியிலும் இடலாம், ஆனால், என்றும் ஒரே வகையாக இருத்தல் வேண்டும்" என்றார் அலுவலர். தாய் தம் பெயரைத் தமிழில் நிறுத்தி எழுதினார். மகளும் பத்து வயது நிறைந்தவள் ஆதலால், அவ்வங்கியின் விதிப்படி, தானே இயக்கும் கணக்கு ஒன்றைத் தொடங்கினாள்.

இரு கணக்குப் புத்தகங்களையும் அளித்த அலுவலர், "இரகசிய எண்ணை எவரிடமும் கூறாதீர்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்பவரிடமும் கூறாதீர்கள்" என்று எச்சரித்தார். வங்கி நொடித்துப் போயினும், ஒருவர் அவ்வங்கியில் இட்ட வைப்பிற்கு, வட்டி உட்பட 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு என்பதையும் விளக்கினார்.

அன்று மாலை தகரப் பெட்டியில் பணம் இல்லை. இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருந்தன.

அருஞ்சொற்பொருள்

இருப்பு – கணக்கில் உள்ள தொகை
நியமனதாரர் – கணக்கு உடையவருக்குப் பின் பணத்தைப் பெறக் குறிக்கப்பட்டவர்
நொடித்துப் போதல் – பொருள் இழந்து நிலைகெடுதல்

பயிற்சி

அ. விடை எழுதுக.
1. தாய் வங்கிக்குச் செல்லத் தயங்கியதற்குரிய காரணங்கள் இரண்டனை எழுதுக.
2. சேமிப்புக் கணக்கிற்கும் நடப்புக் கணக்கிற்கும் உள்ள வேறுபாடு யாது?
3. இரகசிய எண்ணைப் பிறரிடம் கூறலாகாது. ஏன்?

ஆ. பிரித்து எழுதுக.
1. எம்மொழி
2. கையொப்பமிட்டு

இ. செயல்பாடு
வங்கிப் படிவம் ஒன்றைப் பெற்று, அதிலுள்ள தலைப்புகளைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியோருக்குப் படித்துக் காட்டுக.