கடன் தீர்ந்தது, வீடு மீண்டதா?

வங்கிப் பாக்கியின் கடைசி ரூபாயைக் கட்டிவிட்டு வெளியே வரும் வணிகரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். பல ஆண்டுத் தூக்கம் அன்று ஒரே இரவில் வரும். அந்த நிம்மதி நியாயமானதுதான். ஆனால் பணம் கட்டியது பாதி வேலையே. கணக்கு மூடப்பட்டு, பத்திரம் கைக்கு வந்து, வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியது பதிவான நாள்தான் கடன் முடிந்த நாள். இந்த மீதிப் பாதியைப் பற்றியே இங்கு பார்க்கப் போகிறோம்.

மளிகைக் கடைக்காரர்களும் மண்டிக்காரர்களும் பெரும்பாலும் குடியிருக்கும் வீட்டின் பத்திரத்தை வைத்தே ரொக்கக் கடன் வாங்குகிறோம். வியாபாரம் படுத்து, பாக்கி 90 நாட்களைத் தாண்டினால் கணக்கு வாராக் கடனாகிறது. பிறகு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீசு வருகிறது. அதன்பின் பேச்சுவார்த்தை நடந்து, ஒரு தொகைக்கு ஒரு முறைத் தீர்வு என்று முடிவாகிறது. இந்தத் தீர்வு வங்கி தன் கொள்கைப்படி தருவது. உரிமையாகக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறிவிட்டது. குறித்த கெடுவை நீதிமன்றம் நீட்டித்துத் தர முடியாது என்றும் 2022-இல் தீர்ப்பளித்தது. ஆகவே, கட்ட முடிகிற தொகைக்கும் கட்ட முடிகிற தேதிக்கும் மட்டுமே நாம் சம்மதிக்க வேண்டும். கெடு தவறினால் சலுகை போய்விடும். அதுவரை கட்டியது பழைய பாக்கியில் கழிந்துவிடும்.

1. தீர்வுக் கடிதம்

மேலாளர் வாய்மொழியாகச் சொன்னது எதுவும் கணக்கில் வராது. அவர் அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றலாகலாம். கடிதத்தில் இவை இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்: தீர்வில் அடங்கும் எல்லாக் கடன் கணக்குகளின் எண்கள், மொத்தத் தொகை, தவணைத் தேதிகள், ஜாமீன்தாரர்களின் விடுவிப்பு, வழக்குகளைத் திரும்பப் பெறுதல், பத்திரங்களை எத்தனை நாளில் தருவார்கள் என்பது. ரொக்கக் கடன் மட்டும் எழுதப்பட்டு, அதே வங்கியிலுள்ள வாகனக் கடன் விடுபட்டுப் போனால், அதைக் காட்டியே வீட்டுப் பத்திரத்தை நிறுத்தி வைக்க இடமுண்டு.

பணத்தை வசூல் முகவரின் கையில் கொடுக்கக் கூடாது. கடிதத்தில் குறித்த கணக்கில் நேராகச் செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

2. வங்கிக் கணக்குகள்

கடன் கொடுத்த வங்கியிலேயே நமக்குச் சேமிப்புக் கணக்கும் வைப்புத் தொகையும் இருக்கலாம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 171-ஆம் பிரிவில், தன் கைவசமுள்ள நம் பொருளைப் பொதுவான பாக்கிக்காக நிறுத்தி வைக்கும் உரிமையை வங்கிக்குத் தருகிறது. நகைக் கடனை அடைத்த பிறகும் வேறு பாக்கியைக் காட்டி நகையைத் தர மறுப்பது இதை வைத்துத்தான். இருப்பிலுள்ள பணத்தைப் பாக்கிக்கு ஈடுகட்டிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. மனைவி ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அவர் பெயரிலுள்ள கணக்குக்கும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவே தீர்வு பேசும்போதே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்க வேண்டும்: வங்கி இப்படி எடுத்துக்கொண்ட பணமும், கடை வாசலில் ஒட்டிய யூ.பி.ஐ. அட்டை வழியாகப் பழைய கணக்கில் விழும் அன்றாட விற்பனைப் பணமும், பேசிய தீர்வுத் தொகையில் கழியுமா, பழைய பாக்கியில் கழியுமா? பழைய பாக்கியில் கழிந்தால், தீர்வுத் தொகை முழுவதையும் நாம் தனியே திரட்ட வேண்டியிருக்கும்.

பணம் கட்டி முடித்ததும், பாக்கி பூஜ்யம் என்று காட்டும் கணக்கு அறிக்கையும், கணக்கு மூடப்பட்டது என்ற கடிதமும் பெற வேண்டும். மூடாத கணக்கில் ஏதாவது கட்டணம் ஏறி, சிறு தொகை மறுபடி பாக்கியாக நிற்கும். தானியங்கித் தவணை உத்தரவை ரத்து செய்ய வேண்டும். கடன் வாங்கிய அன்று கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகளை எண் சரிபார்த்துத் திரும்ப வாங்க வேண்டும். வேறு வங்கிக் கணக்குக்கு மாறினால் ஜி.எஸ்.டி. பதிவிலும் அதை மாற்ற வேண்டும்.

3. வீட்டில் நம் பங்கு

வீட்டின் விலையிலிருந்து பாக்கியைக் கழித்தால் மிஞ்சுவதே நம் பங்கு. ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். வீடு 60 லட்சம் பெறும். பாக்கி 38 லட்சம். 30 லட்சத்துக்குத் தீர்வாகிறது. நம் பங்கு 30 லட்சம்.

அந்தத் தீர்வுத் தொகை 30 லட்சத்தை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால், மாத வட்டி 90,000 ரூபாய். மூன்று ஆண்டில் 32 லட்சத்து 40 ஆயிரம். வீட்டில் இருந்த நம் பங்கு முழுவதும் வட்டியாகவே போய், அசல் அப்படியே நிற்கும். வங்கிக் கடனை அடைத்தோம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

வீட்டை விற்பதே வழியென்றால் நாமே விற்பது நல்லது. ஏலத்தில் நல்ல விலை கிடைப்பது அரிது. ஆனால் 60 நாள் நோட்டீசு வந்த பிறகு வங்கியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. சம்மதம் பெற்று, வாங்குபவர் தீர்வுத் தொகையை நேரே வங்கிக்குச் செலுத்தும்படி ஒப்பந்தம் எழுதலாம். காலமும் முக்கியம். 2016-இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை. 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

விற்பனையில் வரும் மூலதன ஆதாய வரியையும் மறக்கக் கூடாது. நாமே வைத்த அடமானத்தை அடைக்கச் செலுத்திய தொகையை ஆதாயத்திலிருந்து கழிக்க முடியாது என்பது 1997-லேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்த விஷயம். பணம் முழுவதும் வங்கிக்குப் போனாலும் வரி நம் தலையில்தான். அதற்கான தொகையை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.

4. பத்திரமும் வில்லங்கமும்

கடன் தீர்ந்ததும் பத்திரங்களைத் திரும்பப் பெறும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 60-ஆம் பிரிவில் தருகிறது. வீட்டுக் கடன் போன்ற தனிநபர் கடன்களில் 30 நாளுக்குள் பத்திரத்தைத் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. கடைக்காக வாங்கிய ரொக்கக் கடன் இந்த உத்தரவில் சேராது. அதனால்தான் நாள் கணக்கைத் தீர்வுக் கடிதத்திலேயே எழுதி வாங்கச் சொன்னோம்.

பத்திரங்களை வாங்கும்போது, கடன் பெற்ற அன்று எழுதிய பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தாய்ப் பத்திரம் ஒன்று குறைந்தாலும் பின்னால் விற்பனை தடைப்படும். பட்டியல் முழுவதும் சரியாக இருந்தால் மட்டுமே கையெழுத்து.

பத்திரம் பீரோவுக்கு வந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த எம்.ஓ.டி. பதிவு தானாக நீங்காது. வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தையும் அங்கே பதிய வேண்டும், செலவு நம்முடையது. பிறகு புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, ரசீது ஏறியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்திலும் கடன் தீர்ந்ததை வங்கி 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். செய்துவிட்டார்களா என்று கேட்பது நம் பொறுப்பு.

5. கடன் வரலாறும் கணக்குப் புத்தகமும்

தள்ளுபடி பெற்று முடித்த கடன், கடன் தகவல் அறிக்கையில் முழுதாகக் கட்டி மூடியதாக அல்லாமல், சமரசத் தீர்வு என்றே பதிவாகும். புதுக் கடன் கேட்கும்போது இது தடையாகலாம். ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை வாங்கிப் பார்த்து, இன்னும் பாக்கி என்று காட்டினால் திருத்தக் கோர வேண்டும். முந்தைய ஆண்டுகளில் செலவாக எழுதிய வட்டி தள்ளுபடியானால் அது வருமானமாகும். ஆடிட்டரிடம் தீர்வுக் கடிதத்தைக் காட்டாமல் அந்த ஆண்டுக் கணக்கை முடிக்க வேண்டாம்.

வங்கி எதையாவது இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை பெற வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணம் இல்லை.

ஆக, கோப்பில் சேர வேண்டியவை: தீர்வுக் கடிதம், பணம் கட்டிய ரசீதுகள், பாக்கியின்மைச் சான்று, கணக்கு மூடிய கடிதம், ஜாமீன் விடுவிப்புக் கடிதம், பதிந்த ரசீது ஆவணம், புதிய வில்லங்கச் சான்று ஆகிய ஏழு. சரக்கு இறங்கும்போது மூட்டையை எண்ணாமல் நாம் கையெழுத்துப் போடுவதில்லை. வீட்டை மீட்கும்போதும் அந்த வழக்கத்தை விடாதிருப்போம். ஏழும் சேர்ந்த பிறகு, அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வைப்போம்.