மாவுக்கட்டைப் பிரித்த பிறகு...



மணிக்கட்டு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் செலவுக்கு நம் டிரஸ்ட் உதவுகிறது. கட்டைப் பிரித்ததும் காரியம் முடிந்தது என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைத்துவிடுகிறோம். பாதி வேலை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

என் லாத்தா பாத்ரூமில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்தபோது கை மெலிந்து, விரல்கள் விறைத்திருந்தன. "நீங்க சும்மா இருங்க லாத்தா" என்று ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடாமல் பார்த்துக்கொண்டோம். நான்கு மாதம் கழித்து ஒருநாள் துஆவுக்குக் கையேந்தினார். வலது உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பவில்லை. நாங்கள் பாசம் என்று நினைத்ததுதான் கையை முடக்கியிருந்தது. பிறகு மாதக்கணக்கில் பிஸியோதெரபி செய்தும் முழுவதும் திரும்பவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

1. கட்டு இருக்கும்போதே: மோதிரம், வளையலை முதலில் கழற்றிவிடுங்கள். கையை உயர்த்தி வையுங்கள். விரல், முழங்கை, தோளை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். ஒளூவுக்கு, ஹனஃபி மத்ஹபில் கட்டின் மேல் மஸஹ் செய்தால் போதும்; ஷாஃபிஈ மத்ஹபில் அத்துடன் தயம்மும் வேண்டும். மற்ற விவரங்களை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. பிரித்த பின்: மருத்துவர் அனுமதியுடன் தினமும் நான்கைந்து வேளை பயிற்சி. விரல்களை மடக்கி விரியுங்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுங்கள். மேசை விளிம்பில் மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உள்ளங்கையை வானம் பார்க்க, தரை பார்க்கத் திருப்புங்கள். இந்தக் கடைசிப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்துச் செய்தால் எளிது. லேசான வலி இயல்பு. எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக நீவ வேண்டாம்.

3. ஸஜ்தா: எலும்பு நன்றாகக் கூடியது என்று மருத்துவர் சொன்ன பிறகே கையில் பாரம் கொடுங்கள். முதலில் சுவரில், பிறகு மேசையில், பிறகு தரையில். அதுவரை மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. பொறுமை: பிடிமானம் திரும்ப ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம். சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

5. தாமதிக்கக் கூடாதவை: வீக்கமும் எரிச்சலும் கூடுவது, தோல் நிறம் மாறுவது, விரல்கள் மரத்துப்போவது, கட்டைவிரலைத் திடீரென நிமிர்த்த முடியாமல் போவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

6. ஐம்பதைக் கடந்த பெண்கள்: சாதாரணமாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், எலும்பு வலுவிழந்திருக்கலாம். டெக்ஸா ஸ்கேன் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்து விழும்போது முறிவது இடுப்பாக இருக்கக்கூடும். பாத்ரூம் தரையை உலர்வாக வைத்து, சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துங்கள்.

வீட்டில் யாருக்கேனும் கட்டுப் பிரித்திருந்தால் இன்றே கேளுங்கள்: "உம்மா, கை திரும்புதா?" பிஸியோதெரபி செலவு தடையாக இருந்தால் தயங்காமல் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்