மழை விட்டாச்சு, குரோமைக் கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. ஐப்பசி தொடங்கி நனைந்து நின்ற பைக்கை இந்த வாரமே வெளியே எடுத்து, ஹேண்டில்பார், ரிம், லெக் கார்டு, சைலன்சர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். மிளகாய்த்தூள் சிந்தியதுபோல் செம்புள்ளிகள் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு அவசரம் இன்னும் அதிகம். மழை நின்றாலும் பனியும் உப்புக்காற்றும் விடாது.

துருப்பிடிப்பது உண்மையில் குரோம் கிடையாது. மேலே பளபளப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட இல்லாத குரோம் பூச்சு. அதன் கீழே நிக்கல், அதற்கும் கீழேதான் இரும்பு. பூச்சிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளை வழியாக ஈரம் இறங்கி இரும்பை அரிக்க, துரு அதே துளை வழியாக மேலே வந்து படிகிறது. அழுத்திச் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து போய்விடும்.

முதலில் சோப்புத் தண்ணீரில் மண் போகக் கழுவுங்கள். சைலன்சர் நன்றாக ஆறியிருக்கட்டும். சாப்பாடு மடிக்கும் அலுமினியத் தாளைக் கொஞ்சம் கிழித்துக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, லேசாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமைவிட மென்மையானது என்பதால் கீறல் விழாது. கறுப்பாகக் கசடு வரும்; துடைத்துவிட்டு மறுபடி தேயுங்கள். போகாத புள்ளிக்குக் கொஞ்சம் வினிகர் தொட்டுக்கொள்ளலாம். புளியும் கேட்கும், ஆனால் பித்தளைக்குப் போடுவதுபோல் உப்பைச் சேர்த்துவிடாதீர்கள், துருவை வளர்ப்பதே உப்புதான். கக்கூஸ் ஆசிட், பாத்திரக் கம்பி நார் இரண்டும் வேண்டவே வேண்டாம். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி (உப்புக் கிணற்றுத் தண்ணீர் உதவாது), ஈரம் போகத் துடையுங்கள்.

இன்ஜினை ஒட்டிய சைலன்சர் குழாயில் நீலமோ மஞ்சளோ படர்ந்திருந்தால் அது சூட்டால் வந்த நிறம். தாளால் தேய்த்துப் பயனில்லை.

காய்ந்ததும் கார் வாக்ஸ் மெல்லிதாகப் பூசுங்கள். இதை விட்டால் துளைகள் திறந்தே கிடக்கும், புள்ளி திரும்ப வரும். சூடேறும் சைலன்சருக்கு மட்டும் இது நிற்காது. அதை அடிக்கடி துடைத்துத்தான் ஆக வேண்டும். பிரேக் டிஸ்க்கிலும் டயரிலும் வாக்ஸ் படவே கூடாது. சைக்கிளானால் பிரேக் கட்டை உரசும் ரிம் பகுதியையும் விட்டுவிடுங்கள்.

பூச்சு கொப்புளித்தோ உரிந்தோ இருந்தால் வீட்டு வைத்தியம் செல்லாது. முலாம் போடுபவரிடம்தான் போக வேண்டும். சின்னப் பாகமென்றால் புதிதின் விலையையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.