தரச்சான்று பெறுதல்: பாதுகாப்புக் கண்ணாடியை உதாரணமாகக் கொண்டு



"தரச்சான்றிதழ்" என்னும் பகுதியைப் பெரும்பாலானோர் சின்னங்களின் பெயர்ப் பட்டியலாகவே பாடமாக்குகின்றனர். எஸ்.எல்.எஸ்., ஐ.எஸ்.ஐ., ஐ.எஸ்.ஓ. என்று மூன்றையும் எழுதிவிட்டு, "இவை பொருளின் தரத்தை உறுதிப்படுத்தும்" என ஒரே வசனத்தில் முடித்துவிடுவர். அவ்விடை பாதிதான் சரி. ஒரு பொருளுக்குத் தரச்சான்று எவ்வாறு கிடைக்கின்றது, அதைக் கொடுப்பவர் எதைப் பார்த்துக் கொடுக்கின்றார் என்பவற்றை ஒரேயொரு பொருளைக் கொண்டு இங்கு நோக்குவோம். அப்பொருள் பாதுகாப்புக் கண்ணாடி ஆகும்.

உதாரணத்தை இந்தியாவிலிருந்து எடுத்துள்ளேன். காரணம் எளிது. எமது வீதிகளில் ஓடும் முச்சக்கரவண்டிகளிலும் பஸ் வண்டிகளிலும் இந்தியாவில் தயாரிக்கப்பட்டவை பல உள்ளன. அத்தகைய வாகனமொன்றின் முன் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். சிறிய எழுத்துகளில் ஐ.எஸ். 2553 என்ற இலக்கமும், ஐ.எஸ்.ஐ. சின்னமும், அதன் கீழ் ஓர் அனுமதிப்பத்திர இலக்கமும் காணப்படும். பாடப்புத்தகத்தில் படிப்பதை வாகனத் தரிப்பிடத்தில் நின்றே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பாதுகாப்புக் கண்ணாடி என்றால் என்ன?

உடையாத கண்ணாடி என்று எழுத வேண்டாம். உடையும்போது ஆட்களைப் பாரதூரமாகக் காயப்படுத்தாத வகையில் செய்யப்பட்ட கண்ணாடியே பாதுகாப்புக் கண்ணாடி எனப்படும். இது பிரதானமாக இரு வகைப்படும்.

முதலாவது, வன்மையாக்கப்பட்ட கண்ணாடி. கடைகளில் "டெம்பர் கண்ணாடி" என்பார்கள். சாதாரண கண்ணாடியை ஏறக்குறைய 620 முதல் 650 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, உடனே இருபுறமும் குளிர்ந்த வளியை வேகமாக ஊதுவர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பின்னர் குளிர்ந்து சுருங்க முயலும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இந்த அழுத்தமே அதன் பலம். சாதாரண கண்ணாடியை விட ஏறக்குறைய நான்கைந்து மடங்கு வலிமையானது. உடைந்தால் கத்தி போன்ற நீண்ட துண்டுகளாகாமல் சிறு சிறு மழுங்கிய துண்டுகளாக உதிரும். ஒன்றை ஞாபகத்தில் வைத்திருங்கள்: வன்மையாக்கிய பின்னர் இதனை வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுத் தகடும் நொறுங்கிவிடும். எனவே அளவெடுத்தல், வெட்டுதல், துளையிடுதல் எல்லாம் சூளைக்குப் போகுமுன்பே முடிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, அடுக்குக் கண்ணாடி. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் பொலிவினைல் பியூற்றிரல் என்னும் ஒளிபுகும் பிளாஸ்டிக் படலத்தை வைத்து, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டுவர். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டியபடியே நிற்கும். பிரான்சு நாட்டு இரசாயனவியலாளர் எடுவார் பெனடிக்டஸ் என்பவர் 1903 இல் கீழே விழுந்தும் சிதறாத குடுவை ஒன்றைக் கண்டு இந்த எண்ணத்தைப் பெற்றார் என்பர். 1909 இல் அவர் ஆக்கவுரிமை பெற்றார். வாகனத்தின் முன் கண்ணாடிக்கு இவ்வகையே பொருத்தமானது. வன்மையாக்கிய கண்ணாடி நொறுங்கும் கணத்தில் சாரதிக்குப் பாதையே தெரியாமற் போய்விடும். அடுக்குக் கண்ணாடியில் அந்த நிலை இல்லை.

உடைத்துப் பார்க்கும் சோதனை

நியமம் என்பது "நல்ல கண்ணாடி" என்று சொல்வதில்லை, எண்ணிச் சொல்லும். வாகனக் கண்ணாடிக்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் கீழ் வகுக்கப்பட்ட 43 ஆம் இலக்க ஒழுங்குவிதியை இதற்கு எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய நாடுகள் இதனைப் பின்பற்றுகின்றன.

வன்மையாக்கிய கண்ணாடியைக் கூரிய முனையால் ஓரிடத்தில் அடித்து உடைப்பர். பின்னர் 5 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தினுள் எத்தனை துண்டுகள் உள்ளன என எண்ணுவர். 40 இற்குக் குறையக்கூடாது. துண்டுகள் குறைந்தால் ஒவ்வொன்றும் பெரியது, ஆகவே ஆபத்தானது. அடித்த இடத்தைச் சுற்றி 7.5 சென்ரிமீற்றர் ஆரைக்குள்ளும், விளிம்பிலிருந்து 2 சென்ரிமீற்றருக்குள்ளும் எண்ணுவதில்லை. உடைத்து 10 செக்கன்களுக்குள் பார்க்கத் தொடங்கி 3 நிமிடங்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

சதுரத்தின் கோட்டைத் தாண்டி நிற்கும் துண்டு அரைத் துண்டாகவே கணிக்கப்படும். இந்த இடத்தில்தான் பிசகு வரும். ஒரு சதுரத்தினுள் முழுமையாக 33 துண்டுகளும் கோட்டில் 18 துண்டுகளும் இருப்பின், 33 + 9 = 42. சித்தி. இன்னொன்றில் முழுமையாக 30, கோட்டில் 16 எனக் கொள்வோம். அவசரப்பட்டவர் 46 எனக் கூட்டிச் சித்தி என்பார். உண்மையில் 30 + 8 = 38. கண்ணாடி தவறிவிட்டது.

இதைவிட உருக்குக் குண்டைப் போடும் சோதனையும் உண்டு. 227 கிராம் குண்டை, 3.5 மில்லிமீற்றர் அல்லது அதற்குக் குறைந்த தடிப்புள்ள வன்மையாக்கிய கண்ணாடியின் மீது 2 மீற்றர் உயரத்திலிருந்தும், அதற்கு மேற்பட்ட தடிப்பாயின் 2.5 மீற்றரிலிருந்தும் விழவிடுவர். ஆறு மாதிரிகளில் ஐந்தாவது உடையாமல் இருக்க வேண்டும். அடுக்குக் கண்ணாடியாலான முன் கண்ணாடிக்கு 2,260 கிராம் குண்டு. உயரம் 4 மீற்றர். இங்கு கண்ணாடி உடையலாம். ஆனால் மோதி 5 செக்கன்கள் வரை குண்டு அதனை ஊடுருவி வெளியேறக்கூடாது. குண்டிற்குப் பதிலாகப் பயணி ஒருவரின் தலையை நினைத்துப் பாருங்கள். அப்போது அந்த 5 செக்கன்களின் பெறுமதி விளங்கும்.

சோதிக்காத கண்ணாடிக்கு எப்படிச் சான்று?

இப்போது ஒரு சிக்கல் எழுகின்றது. உடைத்துப் பார்த்த கண்ணாடியை விற்க முடியாது. விற்கும் கண்ணாடியை உடைத்துப் பார்க்கவும் முடியாது. அப்படியானால் நீங்கள் ஏறிச் செல்லும் பஸ்ஸின் கண்ணாடி ஒருபோதும் இச்சோதனைக்கு உட்பட்டதில்லை! அதன் மூலையில் சின்னம் எந்த நம்பிக்கையில் பொறிக்கப்பட்டது?

தரச்சான்று முறையின் உயிர்நாடி இவ்வினாவிலேயே உள்ளது. உடைக்கப்பட்ட மாதிரி, உடைக்கப்படாத ஏனையவற்றுக்காகச் சாட்சி சொல்கின்றது. அச்சாட்சி செல்லுபடியாக வேண்டுமாயின் இன்று செய்ததும் நாளை செய்வதும் ஒரே விதமாக இருக்க வேண்டும். சூளையின் வெப்பநிலை ஒருநாள் இறங்கினாலோ, வளி ஊதும் துளைகள் சில அடைபட்டாலோ கண்ணாடி வெளித்தோற்றத்தில் அப்படியேதான் இருக்கும். உடையும்போதுதான் வித்தியாசம் தெரியும். எனவே சான்று கொடுப்பவர் கண்ணாடியை மட்டுமன்றித் தொழிற்சாலையையும் பார்க்கின்றார்.

இந்தியாவில் இப்பணியைச் செய்வது இந்திய தர நிர்ணய அமைவனம். 1947 இல் இந்திய நியமங்கள் நிறுவனமாக ஆரம்பிக்கப்பட்டது, 1987 இல் இவ்வமைவனமாக மாறியது. பெயர் மாறினாலும் பழைய பெயரின் ஐ.எஸ்.ஐ. என்ற எழுத்துகள் சின்னத்தில் இன்றும் நிலைத்துவிட்டன. கண்ணாடிக்குரிய நியமமாகிய ஐ.எஸ். 2553 இரு பகுதிகளைக் கொண்டது. 2018 இல் வெளியான முதலாம் பகுதி கட்டடங்களுக்கும் பொதுத் தேவைகளுக்கும், 2019 இல் வெளியான இரண்டாம் பகுதி வீதிப் போக்குவரத்து வாகனங்களுக்கும் உரியன.

உற்பத்தியாளர் விண்ணப்பிக்குமுன் சோதனைக்கான வசதியை ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். விண்ணப்பித்ததும் அமைவனத்தின் அதிகாரி நேரில் வந்து உற்பத்தி முறை, இயந்திரங்கள், பதிவேடுகள் ஆகியவற்றைப் பரிசோதிப்பார். மாதிரிகள் தொழிற்சாலைக்கு வெளியே சுதந்திரமான ஆய்வுகூடத்திலும் சோதிக்கப்படும். திருப்தியாக இருப்பின் அனுமதிப்பத்திரம் வழங்கப்படும். அதன் இலக்கம் சீ.எம்./எல். என்ற எழுத்துகளுடன் தொடங்கும். 2018 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி முதலில் 2 ஆண்டுகள் வரையும், புதுப்பிக்கும்போது 5 ஆண்டுகள் வரையும் இதனைப் பெறலாம்.

அத்துடன் வேலை முடிந்துவிடுவதில்லை. எந்த ஒழுங்கில் எத்தனை மாதிரிகளை எடுத்துச் சோதிப்பது என ஒரு திட்டம் உண்டு. அதன்படி தொழிற்சாலையே தொடர்ந்து சோதித்துப் பதிவு செய்ய வேண்டும். அமைவனமும் தொழிற்சாலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் மாதிரிகளை எடுக்கும். தவறினால் சின்னம் பொறிப்பதை நிறுத்துமாறு பணிக்கலாம். அனுமதிப்பத்திரத்தில் குறிப்பிடப்பட்ட வகைகளுக்கு மட்டுமே சின்னத்தைப் பாவிக்கலாம் என்பதையும் கவனிக்க. வன்மையாக்கிய கண்ணாடிக்கு அனுமதி பெற்ற கம்பனி, அதே வளவில் செய்யும் அடுக்குக் கண்ணாடிக்குச் சின்னமிட முடியாது. வெளிநாட்டு உற்பத்தியாளரும் இந்தியச் சந்தைக்காக இவ்வனுமதியைப் பெறலாம். இலங்கைத் தொழிற்சாலையொன்று விண்ணப்பித்தால் அதற்கும் அதே நடைமுறைதான்.

தர நியமம் பொதுவாக விருப்பத்திற்குரியது. உயிர்ப் பாதுகாப்பு சம்பந்தப்பட்டால் அரசு அதனைக் கட்டாயமாக்கலாம். இந்தியா 2020 இல் பாதுகாப்புக் கண்ணாடிக்கெனத் தரக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. கட்டாயமாக்கப்பட்ட பொருளைச் சின்னமின்றி விற்பவருக்கு 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 2 ஆண்டுகள் வரை சிறையோ, முதற் குற்றத்திற்கு 2 இலட்சம் இந்திய ரூபாவிற்குக் குறையாத தண்டமோ விதித்தது.

ஐ.எஸ்.ஓ. 9001 உம் ஐ.எஸ்.ஐ. சின்னமும் ஒன்றா?

இல்லை. எழுத்து ஒன்றுதான் வித்தியாசம் என்பதால் குழம்பாதீர்கள். ஐ.எஸ்.ஓ. 9001 என்பது 1987 இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட முகாமைத்துவ நியமம். நிறுவனம் தனது வேலைகளை ஒழுங்குபடுத்திச் செய்கின்றதா என்பதையே அது பார்க்கும். கண்ணாடி 40 துண்டுகளாக உடையுமா என்பதை அது சொல்லாது. ஆகவே ஐ.எஸ்.ஓ. 9001 பெற்ற கம்பனி அதனைக் கடிதத் தலைப்பில் இடலாம். கண்ணாடியின் மீது தயாரிப்புத் தரச்சின்னம் போல் பொறிக்க முடியாது. எமது நாட்டின் எஸ்.எல்.எஸ். சின்னம் இவ்விடயத்தில் ஐ.எஸ்.ஐ. இன் பக்கமே நிற்கின்றது, பொருளுக்குரியது. அதனை வழங்கும் இலங்கைத் தரக்கட்டளைகள் நிறுவனம் 1964 இல் இலங்கை நியமங்கள் பணியகமாகத் தோன்றி, 1984 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்கச் சட்டத்தால் இப்பெயரைப் பெற்றது.

வெடித்த முன் கண்ணாடியை மாற்றும்போது "இதுவும் கொம்பனிக் கண்ணாடிதான்" என்று ஒட்டுத்தாளைக் காட்டுவோர் உண்டு. ஒட்டுத்தாள் உரியும். அழியாதவாறு கண்ணாடியிலேயே பொறித்திருக்கிறதா, நியம இலக்கமும் அனுமதிப்பத்திர இலக்கமும் சேர்ந்திருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். சின்னம் மட்டும் தனித்து நின்றால் யாரிடம் கேட்பது? இலக்கம் இருந்தால் இந்திய அமைவனத்தின் பதிவுகளில் உற்பத்தியாளர் யாரெனத் தேடிக்கொள்ளலாம்.

மாதிரி வினா

"ஓர் உற்பத்தியாளரின் கண்ணாடி மாதிரி ஆய்வுகூடச் சோதனையில் சித்தியடைந்துள்ளது. எனவே அவர் உடனடியாகத் தரச்சின்னத்தைப் பயன்படுத்தலாம்." இக்கூற்றுடன் உடன்படுகிறீரா? விளக்குக. (4 புள்ளிகள்)

விடைக்குறிப்பு: உடன்படவில்லை (1). சோதனை அறிக்கை அம்மாதிரிக்கு மட்டுமே உரியது (1). சின்னத்தைப் பாவிக்க, தொழிற்சாலைப் பரிசோதனையின் பின் வழங்கப்படும் அனுமதிப்பத்திரம் தேவை (1). தொடர்ந்து செய்யப்படும் உற்பத்தியும் அதே தரத்தில் உள்ளதைச் சோதனைப் பதிவுகளால் காட்ட வேண்டும் (1). "ஆம்" அல்லது "இல்லை" என்று மட்டும் எழுதி மூன்று புள்ளிகளை விட்டுவிட வேண்டாம்.

பயிற்சி: சதுரமொன்றினுள் முழுமையாக 35 துண்டுகளும் கோட்டின்மீது 8 துண்டுகளும் உள்ளன. இக்கண்ணாடி சித்தியடையுமா? கணித்துக் காட்டுக.