ஆங்கிலம் அறிவோம்: ‘யூஸ்ட் டு’

வேலைக்கு விண்ணப்பிக்கும் தொழிலாளர் ஒருவர், ‘ஐ யூஸ்ட் டு டேப் ரப்பர்’ என்று எழுதினால் நிர்வாகி என்ன பொருள் கொள்வார்? முன்னர்ப் பால் மரம் சீவியவர், இப்பொழுது விட்டுவிட்டவர் என்றே கொள்வார். எழுதியவரோ அன்று காலையிலும் மரம் சீவிவிட்டு வந்தவராக இருக்கலாம்!

‘சீவுவது வழக்கம்’ என்னும் நம் தொடர் இன்றைய வழக்கத்தைக் குறிக்கும். அதனை ‘யூஸ்ட் டு’ என்று பெயர்ப்பதே பிழைக்குக் காரணம். ஆங்கிலத்தில் அது முன்பிருந்து நின்றுபோனதற்கே உரியது. இன்றும் செய்வதற்கு, ‘ஐ டேப் ரப்பர் எவ்ரி மார்னிங்’ என்ற நிகழ்காலமே போதும்.

தொழிலில் பழக்கப்பட்டவர் என்று தெரிவிக்க விரும்பினால், ‘ஐ எம் யூஸ்ட் டு டேப்பிங் ரப்பர்’ என எழுதுக. முன்னே ‘எம்’ வருவதையும், ‘டேப்’ என்பது ‘டேப்பிங்’ ஆவதையும் கவனிக்கவும். ‘எம்’ இருந்து ‘டேப்பிங்’ மட்டும் ‘டேப்’ ஆகிவிட்டால், ‘மரம் சீவ நான் பயன்படுத்தப்படுகிறேன்’ என்று பொருள்படும். அது கத்தி சொல்ல வேண்டிய வாக்கியம்!

பேச்சில் காதில் விழாத ‘டி’ எழுத்தைச் சிலர் எழுத்திலும் விட்டுவிடுகின்றனர். விடலாகாது. ‘டிட்’ சேர்ந்த வினாவிலும் எதிர்மறையிலும் மட்டுமே அது நீங்கும்: ‘டிட் யூ யூஸ் டு டேப் ரப்பர்?’