செல்போன் கேசினோவுக்கு நம் குழு கடன் கொடுக்குமா?



உள்கடன் தவணை ஏன் நிற்கிறது என்று கேட்டால் நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் தெரியும். மழை இல்லை, மாடு செத்துப்போச்சு, மகளுக்குச் சீர் செய்தோம் என்பார்கள். இப்போது நாங்கள் போகிற கூட்டங்களில் புதிதாக ஒரு பதிலும் வருகிறது. "பையன் போன்ல ஏதோ ஆடி விட்டுட்டான் மேடம்." சில வீடுகளில் பையன் இல்லை, வீட்டுக்காரர். ஒன்றிரண்டு இடங்களில் கடன் வாங்கிய அக்காவேதான். பிள்ளைகள் தூங்கிய பிறகு, நூறு ரூபாயில் ஆரம்பித்து, ஆட்டுக்கு வாங்கிய கடன் முழுவதும் போயிருக்கிறது. ஆகவே இந்த மாதப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டோம்.

சூது கெட்டது என்று சொல்ல ஒரு பாடம் தேவையில்லை. அதை நம் பாட்டிமார்களே சொல்லிவிட்டார்கள். "கொஞ்சமா ஆடினா என்ன தப்பு, ஜெயிச்சவங்களும் இருக்காங்களே?" என்று கேட்கிறவருக்கு நாம் என்ன பதில் சொல்வது என்பதுதான் விஷயம். அதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். கணக்கு நமக்குப் புதிதில்லை. ஒரு உறுப்பினர் பத்தாயிரம் கடன் கேட்டால் நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்? யார், வீடு எங்கே, பணம் எதற்கு, எப்படித் திரும்பும், திரும்பாவிட்டால் யாரைப் பிடிப்பது? செல்போனுக்குள் இருக்கிற கேசினோவும் தினம் ராத்திரி நம்மிடம் வந்து நூறு கொடு, ஐந்நூறு கொடு என்று கேட்கிறதே. அதையும் நம் பாயில் உட்கார வைத்து இதே கேள்விகளைக் கேட்போம்.

யார் நீ, வீடு எங்கே?

பல கேசினோ தளங்களின் அடியில் பொடி எழுத்தில் 'குராசோ உரிமம் பெற்றது' என்று போட்டிருக்கும். குராசோ என்பது கரீபியன் கடலில், வெனிசுவேலா நாட்டுக்கு வடக்கே உள்ள ஒரு சின்னத் தீவு. நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்தது. 1990களிலிருந்தே இணையச் சூதாட்டத்துக்கு உரிமம் கொடுத்து வருகிறது. ரொம்ப வருஷம் அங்கே நான்கு நிறுவனங்கள் மட்டும் தலைமை உரிமம் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கிளை உரிமம் கொடுத்து வந்தன. பணம் போச்சு என்று ஆடுகிறவர் புகார் சொன்னால் கேட்பார் இல்லை என்று கெட்ட பெயர் வந்த பிறகு, 2024 டிசம்பரில் புதுச் சட்டம் கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டம் நல்லதாகவே இருக்கட்டும். நம் ஊரில் ஆயிரம் ரூபாய் ஏமாந்த ஒருவர் அந்தத் தீவின் அலுவலகத்தில் போய் மனு கொடுக்க முடியுமா?  பக்கத்துத் தெரு சீட்டுக்காரர் ஓடிப்போனால் அவர் மாமியார் வீடாவது நமக்குத் தெரியும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. சூதாட்டம் நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆடுகிறவருக்கும் 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்று தடையிலிருந்து விலக்கியது. அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டங்களுக்கான தடையை அப்படியே வைத்தது. பிறகு 2025 ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதையும் நடத்தவும், விளம்பரம் செய்யவும், அதற்குப் பணம் கைமாற்றவும் கூடாது என்கிறது அது. அந்தச் சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. அது வந்ததும் இந்தியாவிலேயே அலுவலகம் வைத்திருந்த பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. அதனால் இப்போது "தடை இல்லாத ஆட்டம், கவர்மென்ட் அனுமதி" என்று வாட்சப்பிலும் டெலிகிராமிலும் வந்தால், அனுப்பியவர் பெரும்பாலும் கடல் தாண்டித்தான் இருப்பார். ஒரு தளத்தை அரசு முடக்கினால், பெயரோடு ஒரு எண்ணைச் சேர்த்துக்கொண்டு மறுநாளே வந்துவிடுகிறார்கள்.

பணம் எப்படித் திரும்பும்?

இதைப் பேசிப் புரிய வைப்பதைவிடச் செய்து பார்ப்பது நல்லது. கூட்டத்தில் 37 துண்டுச் சீட்டு எடுத்து, 0 முதல் 36 வரை எழுதி ஒரு சொம்பில் போடுங்கள். ரூலெட் என்கிற சுழல் சக்கர ஆட்டம் இதுதான். ஒரு எண்ணில் ஒரு புளியங்கொட்டை வைத்து, அதே எண் வந்தால் வைத்த கொட்டையோடு சேர்த்து 36 கொட்டை தருவார்கள். கேட்கும்போது அடேயப்பா என்றிருக்கும்.

இப்போது யாராவது ஒரு அக்கா 37 எண்ணிலும் ஆளுக்கொரு கொட்டையாக 37 வைக்கட்டும். சீட்டு எடுங்கள். எந்த எண் வந்தாலும் அவருக்கு 36தான் திரும்பும். மறுபடி எடுங்கள், மறுபடியும் 36தான். எல்லா எண்ணையும் பிடித்துக்கொண்டவருக்கே சுற்றுக்கு ஒரு கொட்டை நஷ்டம். அந்த ஒரு கொட்டைதான் கேசினோவின் கூலி. யாரையும் ஏமாற்றாமலே அதற்கு அது வந்துவிடும்.

நூறு ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தால் அது 2 ரூபாய் 70 காசு. "இவ்வளவுதானா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். சரியான கேள்வி. நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு ஒரு தடவை. இங்கே ஒவ்வொரு சுற்றுக்கும் எடுக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்று, சுற்றுக்கு நூறு ரூபாய் என்று ஒரு மணி நேரம் ஆடினால் 6,000 ரூபாய் சக்கரத்தில் போய் வந்திருக்கும். சராசரியாக 162 ரூபாய் அங்கேயே தங்கிவிடும். படங்கள் உருளுகிற ஸ்லாட் ஆட்டம் இன்னும் வேகம். பத்துப் பத்து ரூபாயாகத் தட்டினாலும் மணிக்கு 600 தடவை தட்டலாம். நூற்றுக்கு 96 திருப்பித் தருகிற ஆட்டம் என்றே வைத்துக்கொண்டாலும் 240 ரூபாய் போகும். பத்து ரூபாய்தானே என்று நினைக்க வைப்பதே அந்த ஆட்டத்தின் சாமர்த்தியம். ஒரு விமானம் மேலே ஏற ஏறப் பணமும் பெருகுவதாகக் காட்டும் ஆட்டம் இப்போது எல்லா ஊரிலும் ஓடுகிறது. அதுவும் இதே கணக்குத்தான், விமானம் எப்போது பறந்து மறையும் என்பது நம் கையில் இல்லை.

சராசரி என்றால் ஒவ்வொருவருக்கும் இதே தொகை என்று அர்த்தமில்லை. இன்று ராத்திரி ஒருத்தர் 5,000 ஜெயிக்கலாம். அதை ஊர் முழுக்கச் சொல்வார். தோற்ற இருபது பேர் வாயைத் திறக்க மாட்டார்கள், அதுதான் நமக்கு ஜெயித்தவரை மட்டுமே தெரிகிறது. இன்னொன்று, இந்தக் கணக்கெல்லாம் சக்கரம் நேர்மையாகச் சுற்றினால்தான். நம் சொம்பை எல்லோரும் எட்டிப் பார்க்கலாம். அவர்கள் சொம்பை யார் பார்த்தது?

போனஸ் என்கிற தூண்டிலையும் கணக்குப் போடுங்கள். "ஆயிரம் கட்டினால் ஆயிரம் இலவசம்" என்று இருக்கும். கீழே, போனஸைப் போல 35 மடங்கு ஆடிய பிறகே பணம் எடுக்கலாம் என்று நிபந்தனை இருக்கும். அதாவது 35,000 ரூபாய்க்கு ஆட வேண்டும். நூற்றுக்கு நாலு ரூபாய் வீதம் அதில் போவது 1,400. இலவசமாக வந்தது ஆயிரம்தான்.

பணம் எடுக்கப் போகும்போது இன்னொரு தொல்லை. முதலில் இருநூறு, முந்நூறு எடுத்தால் உடனே வந்துவிடும், நம்பிக்கை பிறக்க. பெரிய தொகை என்றால் ஆதாரம் அனுப்பு, பரிசோதனை நடக்கிறது என்று இழுப்பார்கள். சிலர் "முதலில் வரி கட்டுங்கள், பிறகு விடுவிக்கிறோம்" என்பார்கள். வரி என்பது தருகிற பணத்தில் பிடிப்பது. அதை முன்கூட்டி ஒருவருடைய யூபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அது சுத்த மோசடி.

பணம் யார் கணக்கில் போகிறது?

இதைத்தான் பெண்களாகிய நாம் அதிகம் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறோம். கேசினோவுக்குப் பணம் கட்டும்போது திரையில் வரும் பெயரைப் பாருங்கள். ஒரு நாள் ஏதோ மளிகைக் கடை, மறுநாள் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். தடை செய்த தொழிலுக்கு அவர்கள் பெயரில் இங்கே கணக்குத் திறக்க முடியாது, அதனால் பிறர் கணக்கை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். துபாயிலிருந்து நடத்தப்பட்டதாகச் சொல்லப்படும் மகாதேவ் சூதாட்டச் செயலி வழக்கில், அடுக்கடுக்கான பினாமி வங்கிக் கணக்குகள் வழியே பணம் போனது என்று அமலாக்கத் துறை சொல்லியிருக்கிறது. 2023 நவம்பரில் அந்தச் செயலியோடு சேர்த்து 22 சூதாட்டச் செயலிகளையும் தளங்களையும் மத்திய அரசு முடக்கியது.

அந்த வாடகைக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன? "உங்க பேர்ல ஒரு அக்கவுண்ட், புது சிம், ஏடிஎம் கார்டு குடுங்க, மாசம் இவ்வளவு தர்றோம். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று ஆள் வருகிறார்கள். வருகிறவர் பெரும்பாலும் தெரிந்த பையனாகவே இருப்பார். குழு ஆரம்பித்ததால் நம் எல்லோருக்கும் வங்கிக் கணக்கு இருக்கிறது, கையெழுத்துப் போடவும் தெரியும், அதுவே இப்போது அவர்களுக்கு வசதியாகிவிட்டது. வேறு மாநிலத்தில் ஒருவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் தேடுவது கணக்கில் பெயர் உள்ளவரைத்தான்.

ஆடுகிறவருக்கும் இதில் ஆபத்து உண்டு. ஜெயித்த பணம் வருவதும் இப்படிப்பட்ட கணக்கிலிருந்துதான். அது யாரையோ ஏமாற்றித் திருடிய பணமாக இருந்தால், விசாரணையில் நம் கணக்கும் முடக்கப்படலாம். பால் பணம், அரசு உதவித்தொகை, குழுக்கடன் எல்லாம் அதே கணக்கில்தான் வரும். ஐந்நூறு ரூபாய் ஜெயித்ததற்காக வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் மாசக்கணக்கில் நடக்க வேண்டி வரும்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பணம் கட்டிய ரசீதுப் படங்களை அழித்துவிடாதீர்கள். "விட்ட பணத்தை மீட்டுத் தர்றோம், கட்டணம் மட்டும் கட்டுங்க" என்று வருகிறவர் அடுத்த மோசடிக்காரர். கணக்கை யாருக்காவது கொடுத்திருந்தால், வங்கிக்கு நேரில் போய் எழுத்தில் தெரிவித்து நிறுத்தச் சொல்லுங்கள்.

விட்டதைப் பிடிக்க மறுபடி ஆடுவதும், அதற்காக ஆன்லைன் கடன் செயலியில் வாங்குவதும்தான் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. நிறுத்த நினைத்தும் முடியாமல் தவிப்பதை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற பேச்சு வீட்டில் வந்தால், கடன் எவ்வளவு என்று விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொண்டு அவரைத் தனியே விடாமல் கூட இருங்கள்.

குழுத் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. இப்படி ஒரு உறுப்பினர் தவணை தவறினால் கூட்டத்தில் நிறுத்தி வைத்துக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட குழுக்களில் அடுத்த ஆள் பொய் சொல்கிறார், அல்லது கந்துவட்டிக்குப் போகிறார். தலைவியும் இன்னொரு மூத்த உறுப்பினரும் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். தவணையைச் சின்னதாக்கி மாற்றி எழுதிக் கொடுங்கள். புதுக் கடன் மட்டும் பணமாகக் கையில் வேண்டாம். ஆடு என்றால் ஆட்டுக்காரருக்கும், உரம் என்றால் கடைக்கும் நேரே போகட்டும். வீட்டில் யார் போனில் யாருடைய வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதையும் அப்போதே கேளுங்கள். அம்மாவின் கணக்கு மகன் போனில் இருப்பதை நாங்கள் நிறைய வீடுகளில் பார்த்தோம்.

அடுத்த கூட்டத்துக்கு 37 சீட்டும், ஒரு சொம்பும், இரண்டு கை புளியங்கொட்டையும் ஊக்குநர் கொண்டு வரவும். முடிந்தால் வீட்டிலுள்ள பெரிய பையன்களையும் அழைத்து வாருங்கள். அவர்களே சீட்டு எடுக்கட்டும்.