கோபிநத்தத்துக் காட்டுவழி

நுழையும்முன்

விடுமுறை நாளில் ஊர்தியில் விரைந்து பல ஊர்களைக் கண்டு திரும்புவோர் பலர். ஓர் ஊரில் சில நாள் தங்கி, அதனைச் சூழ்ந்த வயலையும் காட்டையும் காலால் நடந்து அறிவோர் சிலர். இந்த இரண்டாவது வகைப் பயணம் செல்பவருக்கு எதைத் தருகிறது? ஊராருக்கு எதைத் தருகிறது? கர்நாடக எல்லையில் தமிழ் பேசும் மக்கள் வாழும் ஒரு சிற்றூரின் வாயிலாக இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தங்கி நடக்கும் பயணம்

நடைப்பயண விடுமுறை என்பது ஓரிடத்தைத் தங்குமிடமாகக் கொண்டு, நாள்தோறும் காலையில் புறப்பட்டு, வெவ்வேறு வழிகளில் நடந்து, மாலையில் அங்கேயே திரும்புவதாகும். உழவர் தம் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கச் செய்து, தம் நிலத்தில் விளைந்ததை உணவாக அளிப்பது பல நாடுகளில் வழக்கமாகியுள்ளது. இத்தாலி நாடு 1985ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. வேளாண்மையில் கிடைக்கும் வருவாய் போதாதபோது, உழவர் நிலத்தை விட்டு வெளியேறாமல் வாழ இஃது ஒரு துணையாகிறது.

நம் நாட்டிலும் வழிநடைக்கு நெடிய மரபு உண்டு. பரிசில் பெற்ற கலைஞர் ஒருவர், எதிர்ப்பட்ட மற்றொரு கலைஞருக்கு வழிகூறும் முறையில் அமைந்தது ஆற்றுப்படை இலக்கியம். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் செல்லும் மலைவழியை விரித்துரைக்கிறது. வழியில் எங்கே இடர் உண்டு, யார் உணவளித்துப் பேணுவர் என்பனவற்றை எல்லாம் அது கூறுகிறது. வழியறிந்தவர் துணையின்றி மலையில் நடத்தல் அரிது என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஊரும் காடும்

கோபிநத்தம் முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபின் சாமராஜநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாதேசுவர மலையும் ஒகேனக்கல் அருவியும் இவ்வூருக்கு அண்மையில் உள்ளன. ஊரைச் சுற்றியுள்ள காடு, 1987ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்தின் பகுதியாகும்.

இக்காட்டின் பெரும்பகுதி கோடையில் இலையுதிர்க்கும். மழை பெய்ததும் மீண்டும் தழைக்கும். ஆற்றங்கரையில் மட்டும் நீர்மருது போன்ற மரங்கள் ஓங்கி நின்று நிழல் தருகின்றன. அங்கே அரிய நரையணிலைக் காணலாம். காவிரியில் நீர்நாயும் முதலையும் வாழ்கின்றன. ஊருக்கு அருகில் ஒரு நீர்த்தேக்கமும் உண்டு.

சந்தன மரமும் இந்நிலத்துக்கு உரியது. அது தன் வேரால் அருகிலுள்ள செடிகளின் வேரைப் பற்றி, ஊட்டத்தின் ஒரு பகுதியைப் பெற்று வளர்கிறது. அதன் கனியை உண்ணும் பறவைகள் விதையைப் பரப்புகின்றன. நடுக்கட்டையில் மணம் முதிரப் பல்லாண்டுகள் ஆகும். பல்லாண்டு வளர்ந்த மரத்தைச் சிறிது நேரத்தில் வெட்டிவிடலாம். இவ்வூரின் துயரக்கதை இங்கேதான் தொடங்கியது.

இருவர் பெற்ற காட்டறிவு

சந்தன மரங்களையும் யானைத் தந்தங்களையும் கடத்திய வீரப்பன் இவ்வூரில் பிறந்தவர். காட்டின் ஒவ்வொரு தடமும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வறிவு மரத்தையும் விலங்கையும் மனித உயிரையும் அழிக்கப் பயன்பட்டது. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அவர் கொல்லப்படும்வரை இப்பகுதியில் அச்சம் நிலவியது. அவரைத் தேடிய காலத்தில் மலையூர்களின் எளிய மக்கள் இருபுறமும் துன்புற்றனர். அதிரடிப்படையினர் மீதான புகார்களை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது.

அதே காட்டை அறிந்த மற்றொருவர் வன அலுவலர் பி. சீனிவாஸ். ஆந்திர மாநிலத்தில் பிறந்த அவர், கோபிநத்தத்து மக்களோடு பழகி அவர்தம் நம்பிக்கையைப் பெற்றார். மருத்துவ உதவி கிடைக்கச் செய்தார்; மாரியம்மன் கோயில் அமையத் துணைநின்றார். கடத்தலில் ஈடுபட்டோரைத் திருந்தி வாழுமாறு வேண்டினார். வீரப்பன் சரணடைவார் என்ற சொல்லை நம்பிச் சென்ற அவர், 1991ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் கொல்லப்பட்டார். அவருக்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பட்டது. ஊரார் இன்றும் அவரைப் போற்றுகின்றனர்.

அறிவு ஒன்றே, அதனைக் கொண்டவர் தேர்ந்த நெறியே வேறு.

வழிகாட்டிகளாகிய ஊரார்

அச்சம் நீங்கியபின், கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் நிறுவனம் கோபிநத்தத்தில் கூடாரங்களுடன் கூடிய முகாம் ஒன்றைத் தொடங்கியது. அதற்கு 'மிஸ்டரி டிரெயில்ஸ்' என்று பெயரிட்டது. காட்டுவழிகளை அறிந்த உள்ளூர் மக்கள் வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டனர்.

வழிகாட்டியின் கண்ணுக்குக் காடு ஓர் ஏடு. யானையின் சாணம் ஈரமாக உள்ளதா, உலர்ந்துள்ளதா என்று பார்த்து, அது கடந்துசென்ற நேரத்தை அவர் கணிப்பார். ஒடிந்த கிளையும் உரித்த பட்டையும் அவருக்குச் செய்தி சொல்லும். யானைக்குப் பார்வையைவிட மோப்பம் கூர்மையானது. ஆதலால் காற்று வீசும் திசையை அறிந்தே அவர் நடத்திச் செல்வார். இவ்வறிவு நூலில் மட்டும் கற்றதன்று. தலைமுறை தலைமுறையாக நடந்து பெற்றது. அதற்கு ஊதியம் கிடைக்கும்போது, காடு அழியாமல் இருப்பதே ஊராரின் நலமும் ஆகிறது.

விருந்தினர் கடமை

எனினும் இதில் ஓர் ஐயம் எழுகிறது. வருவோர் அனைவரும் வீரப்பன் கதையை மட்டுமே கேட்டுச் சென்றால், அவ்வூர் என்றும் ஒருவர் பெயருக்குள்ளேயே சிறைப்பட்டிருக்கும். அங்கே கேழ்வரகு விளைவிப்போர் உள்ளனர். ஆடு மேய்ப்போர் உள்ளனர். பள்ளி செல்லும் சிறார் உள்ளனர். அவர்களையும் காண்பவரே ஊரைக் கண்டவர்.

விருந்தினர் கூடிவிட்டாலும் இடர் உண்டு. இரைச்சலும் நெகிழிக் குப்பையும் விலங்குகளின் வழியை மறிக்கும். ஆகவே வனத்துறையின் இசைவு பெற்று, சிறு குழுவாக, வழிகாட்டியின் பின்னே அமைதியாக நடத்தல் வேண்டும். கொண்டுசென்றதைத் திரும்பக் கொண்டுவருதல் வேண்டும். ஊராரைப் படமெடுக்கும் முன் அவர்தம் ஒப்புதலைக் கேட்டல் வேண்டும்.

மாணவர்களே! ஊரை விரைந்து கடப்பவர், அதைப் பற்றிப் பிறர் சொன்னதையே அறிவார். அங்கே தங்கி நடப்பவரோ, அவ்வூரார் தாமே சொல்வதைக் கேட்பார். அவ்வாறு கேட்கும் செவி நமக்கு வாய்க்கட்டும்.

சொற்பொருள்

தடம் – வழி, சுவடு
பரிசில் – கலைஞர்க்கு வழங்கும் கொடை
இடர் – துன்பம்
ஏடு – நூல், சுவடி
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. காவிரி வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட ஆண்டு ________.
2. மலைபடுகடாம் ________ நூல்களுள் ஒன்று.

ஆ. பிரித்து எழுதுக.
1. காட்டுவழி 2. ஆற்றங்கரை 3. காட்டறிவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நடைப்பயண விடுமுறை என்பது யாது?
2. யானை கடந்துசென்ற நேரத்தை வழிகாட்டி எவ்வாறு கணிக்கிறார்?
3. சந்தன மரம் எவ்வாறு ஊட்டம் பெறுகிறது?

ஈ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
1. சீனிவாஸ் ஊராரின் நம்பிக்கையைப் பெற்ற முறையை விளக்குக.
2. "அறிவு ஒன்றே, அதனைக் கொண்டவர் தேர்ந்த நெறியே வேறு." இக்கூற்றைப் பாடத்தின் துணைகொண்டு நிறுவுக.

உ. செயல்பாடு
உம் ஊருக்கு வரும் விருந்தினர் ஒருவர் அரைநாள் நடந்து காணத்தக்க வழி ஒன்றை வகுக்க. வழியில் காண வேண்டியவை, தவிர்க்க வேண்டியவை, சந்திக்க வேண்டிய பெரியோர் ஆகியவற்றை உள்ளடக்கி, ஆற்றுப்படை போல அவருக்கு வழிகூறும் கடிதம் ஒன்று எழுதுக.